பயணச்சீட்டின் துளையும் கணிப்பொறியின் பிறப்பும்



தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம்மவருள் பலர் ஒதுங்கி நின்றுவிடுகின்றனர். ‘அது படித்தவர்கள் காரியம், நமக்கு எதற்கு?’ என்பது அவர்தம் எண்ணம். நம் ஈஜிபுராவை அடுத்த கோரமங்கலத்தில் கணிப்பொறி நிறுவனங்கள் தெருத்தோறும் எழுந்துள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவற்றில் பணி புரிகின்றனர். ஆயினும், ஒரு காலத்தில் திருப்பத்தூரினின்றும் வாணியம்பாடியினின்றும் தருமபுரியினின்றும் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த அவர்தம் பெற்றோர், ஊர்த் திருவிழாவுக்குச் செல்ல ஒரு படுக்கை முன்பதிவு செய்யவேண்டுமெனில், தரகரைத் தேடிச் சென்று கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருகின்றனர். அத்தொகை சீட்டுக்கு உரிய கட்டணம் அன்று. கேள்வி கேட்க அஞ்சுவதற்கு நாம் செலுத்தும் வரி.

யான் பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டவன், இருப்புப்பாதையில் எழுத்தன். சீட்டு வழங்கும் சாளரத்தின் முன் நிற்போர் கேட்கும் கேள்விகளையும், கேட்க நினைத்துக் கேளாமலே செல்லும் கேள்விகளையும் நான் அறிவேன். ‘இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு அது கொடுத்துவிடாதா? எனக்கு இல்லை என்று முடிவு செய்தது யார்?’ இவை எளிய கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் பொறியியலின் அடிப்படையே இவற்றுள் அடங்கியிருக்கிறது. இவற்றுக்கு விடை தேடிப் போனால், கணிப்பொறியின் வரலாறு நம் புகைவண்டியின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறேன்.

கணிப்பவன் மனிதனே

இன்று இயந்திரத்துக்கு வழங்கும் ‘கம்ப்யூட்டர்’ என்னும் பெயர் முன்னாளில் ஒரு மனிதனின் உத்தியோகப் பெயராக இருந்தது. 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கப்பெற்றது, இந்திய நாட்டை முக்கோண முறையால் அளந்த பெரும் நில அளவைப் பணி. அப்பணியில் 1831ஆம் ஆண்டில் இராதாநாத் சிக்தார் என்னும் வங்க இளைஞர் ‘கம்ப்யூட்டர்’ என்ற பதவியில் அமர்த்தப்பட்டார். கோணங்களையும் தூரங்களையும் வைத்துக்கொண்டு காகிதத்தில் கணக்கிடுவதே அவர் வேலை. பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த பணியிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இதனை ஏன் முதலில் கூறுகிறேன் என்றால், கணிப்பொறி வானிலிருந்து குதித்த மாயப் பொருள் அன்று. எழுத்தனும் கணக்கனும் கையால் செய்த வேலையைப் படிப்படியாகப் பகுத்து, ஒவ்வொரு படியையும் இயந்திரத்திடம் ஒப்படைத்ததன் விளைவே அது. ஆகவே, கையால் செய்த வேலையை அறிந்தவனுக்கு இயந்திரத்தின் வேலையும் விளங்காமற் போகாது.

அட்டைச் சீட்டின் கதை

தென்னகத்தின் முதற் புகைவண்டிப் பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்துக்கும் வாலாஜா சாலைக்கும் இடையே திறக்கப்பட்டது. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு நிலையத்துக்கு வண்டி வந்தது. தமிழர் பலர் இந்நகரை அடைந்த வழி அப்பாதையே.

புகைவண்டி தோன்றிய தொடக்க நாட்களில் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. எழுத்தன் எத்தனை எழுதினான், எத்தனைக்குப் பணம் கட்டினான் என்று சரிபார்ப்பது கடினம். இங்கிலாந்தில் நியூகாசில்–கார்லைல் இருப்புப்பாதையில் நிலைய அதிகாரியாக இருந்த தாமஸ் எட்மண்ட்சன் என்பார் 1830களில் இதற்கு ஒரு வழி கண்டார். சிறு அட்டையில் வரிசை எண்ணுடன் சீட்டுகளை முன்னதாகவே அச்சிட்டு வைத்தார். விற்கும்போது நாளைப் பதிக்க ஒரு சிறு பொறியும் செய்தார். மாலையில் எஞ்சி நிற்கும் முதற் சீட்டின் எண்ணிலிருந்து காலையில் நின்ற எண்ணைக் கழித்தால் விற்றவை எத்தனை என்பது தெரிந்துவிடும். அதனைக் கட்டணத்தால் பெருக்கினால் பெட்டியில் இருக்கவேண்டிய பணம் தெரியும்.

நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வழங்கிய தடித்த அட்டைச் சீட்டு இவ்வகையினதே. ஒவ்வொரு சீட்டும் தன் கணக்கைத் தானே சுமந்து சென்றது. செய்தியை ஓர் ஒழுங்கான வடிவில் அமைத்துவிட்டால் கணக்கு எளிதாகிவிடும் என்பதே அதன் பாடம். இதுவே கணிப்பொறியியலின் முதற் பாடமும் ஆகும்.

துளை பேசியது எவ்வாறு?

அமெரிக்க நாட்டில் 1880ஆம் ஆண்டில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கணக்கெடுப்பு வருமுன் பழைய கணக்கு முடியாதோ என்ற அச்சம் எழுந்தது. அப்பணியில் ஈடுபட்டிருந்த ஹெர்மன் ஹொல்லெரித் என்ற இளம் பொறியாளர் ஒருமுறை புகைவண்டியில் பயணம் செய்தார். அங்கே சீட்டுப் பரிசோதகர் ஒரு புதுமை செய்தார். பிறருடைய சீட்டைக் கொண்டு வேறொருவர் பயணம் செய்வதைத் தடுக்க, பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கின் அளவு ஆகிய அடையாளங்களைச் சீட்டின் ஓரத்தில் உரிய இடங்களில் துளையிட்டுக் குறித்தார். எழுத்தே இல்லை, துளை எவ்விடத்தில் இருக்கிறது என்பதே செய்தி. தம் கண்டுபிடிப்புக்குத் தூண்டுதல் அச்சீட்டே என்று ஹொல்லெரித் பின்னாளில் தாமே எழுதியுள்ளார்.

1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை துளையிடப்பட்டது. அட்டையின்மீது ஊசிகளை அழுத்தினால், துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி கீழிறங்கிப் பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சாரம் பாயும், அதற்குரிய எண்ணி ஒன்று கூடும். துளை இல்லாத இடத்தில் ஊசி நின்றுவிடும், எண்ணி அசையாது. ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு இவ்வாறு விரைவில் தொகுக்கப்பட்டது. பட்டு நெசவை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டில் தோன்றிய ஜக்கார்டு தறியிலும் அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது.

ஹொல்லெரித் தொடங்கிய நிறுவனம் 1911ஆம் ஆண்டில் பிற நிறுவனங்களோடு இணைந்தது. 1924ஆம் ஆண்டில் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. 1960களின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதையின் மண்டலத் தலைமையகங்களிலும், பெட்டியும் எஞ்சினும் கட்டும் தொழிற்சாலைகளிலும் ‘ஐ.பி.எம். 1401’ என்ற கணிப்பொறிகள் நிறுவப்பட்டன. ஊழியர் சம்பளமும், சரக்குக் கணக்கும், பண்டகசாலை இருப்பும் துளை அட்டைகளில் ஏறின. புகைவண்டிச் சீட்டில் ஒரு பரிசோதகர் இட்ட துளை, உலகைச் சுற்றி, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் புகைவண்டி அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. இதனினும் வியப்பான வரலாறு வேறென்ன வேண்டும்?

ஒன்றும் சுழியும் எதற்கு?

‘கணிப்பொறிக்கு ஒன்றும் சுழியும் மட்டுமே தெரியுமாமே, அவற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு கணக்கும் எப்படிப் போடுகிறது?’ என்பது அடிக்கடி எழும் வினா. இதற்கு விடை நம் மளிகைக் கடைத் தராசில் இருக்கிறது. ஒரு கடைக்காரரிடம் 1, 2, 4, 8 கிலோ எடைக்கற்கள் நான்கு மட்டுமே உள்ளன என்று கொள்வோம். அவற்றைக் கொண்டு 1 முதல் 15 வரை எந்த முழுக் கிலோவையும் அவர் நிறுத்துவிடலாம். 13 கிலோ வேண்டுமாயின் 8, 4, 1 ஆகிய மூன்றையும் தட்டில் வைப்பார், 2ஐ வையார். வைத்த கல்லுக்கு 1 என்றும் வையாத கல்லுக்கு 0 என்றும் எழுதினால் 1101 என்று வரும். கணிப்பொறி 13 என்பதை எழுதும் முறை இதுவே. அடுத்து 16, 32 என்று கற்களைக் கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு பெரிய எண்ணும் அடங்கும்.

ஏன் இரண்டே நிலைகள்? மின்விளக்கின் பொத்தானைப் பாருங்கள். எரிகிறது, எரியவில்லை என்ற இரண்டில் ஐயமே இல்லை. அரைகுறை எரிச்சலைப் பத்து வகையாகப் பகுத்து அறியச் சொன்னால் மனிதனும் தவறுவான், இயந்திரமும் தவறும். பிழைக்கு இடமின்மையே இரண்டின் பெருமை. மேற்சொன்ன 1401 இயந்திரம் ஒவ்வோர் இலக்கத்தையும் இதே 8, 4, 2, 1 என்ற எடைகளாலேயே குறித்தது. கடுகளவு காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து, வளையத்தின் காந்தம் இப்பக்கம் திரும்பினால் ஒன்று, அப்பக்கம் திரும்பினால் சுழி என்று வைத்துக்கொண்டனர். அந்த நினைவகத்தில் மிகுதியாகப் பதினாறாயிரம் எழுத்துகளே கொள்ளும். இக்கட்டுரையை எழுத்தெழுத்தாகப் பதிந்தால் அதற்கே ஏறத்தாழ நிறைந்துவிடும். இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி அதனைப் போல் பல இலட்சம் மடங்கு கொள்ளும். அளவு பெருகிற்றே தவிர, தராசு மாறவில்லை.

ஒரே படுக்கை இருவருக்குப் போகாதது எப்படி?

இனி, சாளரத்தின் முன் எழும் கேள்விக்கு வருவோம். கணிப்பொறி வருமுன் முன்பதிவு எவ்வாறு நடந்தது என்பதை மூத்த எழுத்தர் கூறக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் நாள்வாரியாக ஒரு பேரேடு இருந்தது. அவ்வேடு ஒரு சாளரத்தில் ஓர் எழுத்தரிடம் மட்டுமே இருக்கும். ஆகவே சென்னை வண்டிக்கு ஒரு வரிசை, மதுரை வண்டிக்கு மற்றொரு வரிசை. வரிசை மாறி நின்றவர் மீண்டும் கடைசியில் போய் நிற்பார். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமாயின் அவ்வூருக்குத் தந்தி அடித்துக் காத்திருக்கவேண்டும். இவ்வளவு இடரிலும் ஒரு நன்மை இருந்தது. ஏடு ஒன்றே, பேனா ஒன்றே. ஆதலால் ஒரு படுக்கை இருவருக்கு எழுதப்படுவது அரிது.

கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான சாளரங்கள் ஒரே நேரத்தில் ஒரே ஏட்டைத் திறக்கின்றன. பெங்களூரில் ஒருவரும் மதுரையில் ஒருவரும் ஒரே நொடியில் கடைசிப் படுக்கையைக் கேட்டால் என்ன ஆகும்?

இதே இடர் இருப்புப்பாதையில் முன்பே இருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக இரு வண்டிகள் நுழைந்தால் உயிர்ச்சேதம். அதனைத் தடுக்க டோக்கன் முறை வந்தது. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து இரும்பு உருண்டை ஒன்றை எடுத்துவிட்டால், அது திரும்பச் சேரும்வரை எந்தப் பெட்டியிலிருந்தும் மற்றோர் உருண்டை வராது. உருண்டை எந்த ஓட்டுநர் கையில் இருக்கிறதோ அவரே அத்தடத்துக்கு உரியவர். ஓடும் வண்டியில் பெரிய வளையத்தை நிலையப் பணியாளர் நீட்ட, எஞ்சினில் நிற்பவர் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் காட்சியைப் பெரியோர் பலர் கண்டிருப்பர். அவ்வளையத்தின் பையில் இருந்தது இவ்வுருண்டையே.

1960களின் தொடக்கத்தில் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு நாட்டு அறிஞர் கணிப்பொறிக்குள் எழும் இதே இடருக்கு இதே வகைத் தீர்வு கண்டார். ஒரு பொருளைப் பலர் ஒருங்கே நாடும்போது, ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி வைக்கும் அடையாளம் ஒன்றை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘செமஃபோர்’. அதாவது, நம் புகைவண்டி நிலையத்தின் கைகாட்டி மரம்! முன்பதிவுக் கணிப்பொறியிலும் இவ்வகைப் பூட்டே காவல் செய்கிறது. பெங்களூர்க் கோரிக்கை நொடியில் ஒரு சிறு பங்கேனும் முந்தி வந்தால், அந்த வண்டியின் ஏடு அதற்கே பூட்டப்படுகிறது. வேலை முடிந்ததும் பூட்டு விலகும். மதுரைக் கோரிக்கை அதன்பின் உள்ளே செல்லும். படுக்கை தீர்ந்திருப்பதைக் காணும். மனிதக் கண்ணுக்கு ஒரே நொடி. இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் உண்டு.

இந்திய இருப்புப்பாதையில் இம்முறை 1985ஆம் ஆண்டு நவம்பரில் புதுடில்லியில் தொடங்கியது. வெளிநாட்டு முதலீட்டுச் சட்டத்தை ஏற்க மனமின்றி ஐ.பி.எம். 1978இல் நம் நாட்டை விட்டு நீங்கியிருந்தது. அதன் இயந்திரங்களைப் பேணும் பொறுப்பை ஏற்றிருந்த சி.எம்.சி. என்ற அரசு நிறுவனமே இருப்புப்பாதையோடு சேர்ந்து அம்மென்பொருளைச் செய்தது. பின்னர் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1999இல் அப்பணி நிறைவேறியது. எவ்வூரிலிருந்தும் எவ்வூருக்கும் சீட்டுப் பெறும் நிலை அதனால் வந்தது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் வீட்டிலிருந்தே இணையவழிப் பதிவு செய்யவும் வழி பிறந்தது.

முடிவு செய்வது யார்?

‘மெஷின் இல்லை என்கிறது’ என்று எழுத்தர் கூறுவதையும், அதைக் கேட்டுப் பயணி தலைகுனிந்து செல்வதையும் காண்கிறோம். உண்மையில் பொறி எதையும் விரும்புவதும் இல்லை; வெறுப்பதும் இல்லை. மனிதர் எழுதிக் கொடுத்த விதிகளை அது வரிசைப்படி பின்பற்றுகிறது. ஒரு சான்று கூறுவேன். 60 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் 120 நாட்கள் ஆக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் மீண்டும் 60 நாட்கள் ஆயிற்று. பொறியின் மனம் மாறியதா? இல்லை. அதிகாரிகள் ஆணையிட்டனர், பொறியில் ஓர் எண் மாறியது. முதியோர்க்குக் கீழ்ப்படுக்கையில் முன்னுரிமை என்பதும் மனிதர் எழுதிய விதியே. விதியை மனிதர் எழுதியிருப்பதால் அதன் காரணத்தைக் கேட்கவும், குறை இருப்பின் மாற்றக் கோரவும் நமக்கு உரிமை உண்டு.

‘வங்கியில் பணம் கழிந்தது, சீட்டு வரவில்லை’ என்ற முறையீடும் இத்தகையதே. வங்கியின் ஏடு வேறு. இருப்புப்பாதையின் ஏடு வேறு. இரண்டுக்கும் இடையே செல்லும் செய்தி வழியில் அறுந்தால் ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று எழுதப்படாமல் நிற்கும். பின்னர் இரு ஏடுகளையும் ஒப்பிட்டுப் பணத்தைத் திருப்புவதே முறை. இதனை அறிந்தவர் பதறமாட்டார்; பதறி மீண்டும் மீண்டும் பணம் செலுத்தவுமாட்டார்.

இழந்ததும் பெற்றதும்

இயந்திரத்தால் யாதொரு இழப்பும் இல்லை என்று கூறுவது நேர்மை ஆகாது. 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர் கணிப்பொறியை எதிர்த்துப் போராடினர். வேலை போய்விடும் என்ற அவர்தம் அச்சம் பொருளற்றதன்று. அட்டைச் சீட்டு அச்சிட்ட அச்சகங்கள் மறைந்தன. ஏடு எழுதும் கைகளின் தேவை குறைந்தது. மறுபுறம், வரிசை வரிசையாக நின்று நாளெல்லாம் வீணாக்கிய ஏழை மக்களின் நேரம் மிஞ்சியது. ஏடு ஒருவர் கையில் மட்டும் இருந்ததால் விளைந்த முறைகேடுகளும் குறைந்தன.

ஆனால் இன்று புதிய வரிசை ஒன்று தோன்றியுள்ளது. கைப்பேசியை இயக்கத் தெரிந்தவர் முன்னும், தெரியாதவர் பின்னுமாக நிற்கும் வரிசை அது, கண்ணுக்குத் தெரியாதது. அவ்வரிசையின் கடைசியில் நிற்பவர் நம் தாய்மார்களும் முதியோரும் ஆவர். அவர்களை நம்பியே தரகர் பிழைக்கின்றனர். உரிமையின்றிச் சீட்டு வாங்கி விற்பது 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் சட்டம் மட்டும் அச்சத்தைப் போக்கிவிடாது, விளக்கமே போக்கும்.

ஆதலின் நம் சங்கத்து இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். பொறியியல் பயின்று பட்டம் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்கள் திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அமர்ந்து, பெரியோர் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் விடை கூறுவார்களாக. எந்தக் கேள்வியையும் அற்பம் என்று நகைக்காதிருப்பார்களாக. ஒரே தடத்தில் இரு வண்டிகள் மோதாதிருக்க என்ன வழி என்ற கேள்வியும், ஒரு நாட்டின் மக்களை எண்ணி முடிப்பது எப்படி என்ற கேள்வியும் எளிய கேள்விகளே. அவற்றைக் கேட்கத் துணிந்தவர்களாலேயே இத்துறை வளர்ந்தது. விடை சொல்பவர்க்கும் இதில் பயன் உண்டு. தாய்க்குத் தாய்மொழியில் விளக்க இயலாத ஒன்றை நாம் முழுமையாகக் கற்றுவிட்டோம் என்று எவ்வாறு சொல்வது?

கேட்போம்; அறிவோம்; அறிந்ததைப் பகிர்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!